சதுரங்கக் கேள்வி பதில்: புடாபெஸ்ட் கேம்பிட்டில் கருப்பின் கணக்கு

போன இதழில் புடாபெஸ்ட் கேம்பிட் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தோம், அதற்கு வந்த கேள்விகளே ஒரு கட்டு சேர்ந்துவிட்டதால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்குத்தான். புதிதாகப் படிப்பவர்களுக்கு முதலில் நகர்த்தல்களைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை டி4 (காயின் பெயர் சொல்லாத இடத்தில் சிப்பாய் என்று கொள்ளுங்கள்), கருப்பு குதிரை எஃப்6. வெள்ளை சி4, கருப்பு உடனே இ5 என்று சிப்பாயைக் கொண்டுபோய் நீட்டுகிறது. வெள்ளை அதை வெட்டுகிறது, கருப்புக் குதிரை ஜி4-க்குத் தாவி, வெட்டிய சிப்பாய்மேல் கண் வைக்கிறது. புடாபெஸ்ட் என்பது இவ்வளவுதான். ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை ஓப்பனிங் என்போம், அதில் ஈடு எதிர்பார்த்துச் சிப்பாயைக் கொடுத்துப் பார்ப்பதுதான் கேம்பிட். போர்டை விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் புடாபெஸ்ட் ஆடி, குதிரையை டி3-இல் வைத்து மேட் கொடுக்கும் பொறியில் நிறைய ஆட்டம் ஜெயித்தேன். பள்ளிப் போட்டியில் எதிராளி அதில் விழவில்லை. அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் தோற்றேன். இந்த ஓப்பனிங் வெறும் பொறிதானா? (பிளஸ் ஒன் மாணவர், கும்பகோணம்)

பொறி மட்டும் இல்லை தம்பி, ஆனால் பொறியை மட்டும் கற்றுக்கொண்டு போனால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் அந்தப் பொறியை முழுதாகச் சொல்கிறேன். வெள்ளை நான்காவது நகர்த்தலில் பிஷப்பை எஃப்4-இல் வைத்துச் சிப்பாயைக் காக்கிறது, கருப்பு குதிரை சி6, வெள்ளை குதிரை எஃப்3, கருப்பு பிஷப் பி4 செக், வெள்ளை இன்னொரு குதிரையை டி2-இல் குறுக்கே வைக்கிறது, கருப்பு ராணி இ7. இப்போது வெள்ளை ஏ3 என்று பிஷப்பை விரட்டுகிறது. கருப்பு அந்த பிஷப்பைக் கண்டுகொள்ளாமல் ஜி4 குதிரையால் இ5 சிப்பாயை வெட்டுகிறது. பிஷப் சும்மா கிடைக்கிறதே என்று வெள்ளை பி4-இல் வெட்டினால் குதிரை டி3, மேட். இ2 சிப்பாய் அந்தக் குதிரையை வெட்ட முடியாது, ஏனென்றால் இ7-இல் நிற்கும் ராணிக்கும் வெள்ளை ராஜாவுக்கும் நடுவே அது மாட்டிக்கொண்டு நிற்கிறது. ராஜாவைச் சுற்றி எல்லாக் கட்டத்திலும் அவருடைய ஆட்களே நிற்கிறார்கள். கியோர்க் கீனிங்கர் என்ற ஜெர்மன் வீரர் 1925-இல் வியன்னாவில் ஒரு நட்பு ஆட்டத்தில் இப்படி ஜெயித்ததால் அவர் பெயரே பொறிக்கு நின்றுவிட்டது.

சரி, எதிராளி பி4-இல் வெட்டாமல் முதலில் குதிரையால் இ5-ஐ வெட்டுகிறார், நீங்கள் சி6 குதிரையால் திரும்ப வெட்டுகிறீர்கள். பலர் கவனிக்காத விஷயம், இந்த இடத்திலும் பொறி உயிரோடுதான் இருக்கிறது, இப்போது அவர் பிஷப்பை எடுத்தாலும் அதே டி3-இல் அதே மேட். விவரம் தெரிந்தவர் இ3 என்று ஆடுவார். நீங்கள் பிஷப்பால் டி2 குதிரையைச் செக்கோடு வெட்ட வேண்டும், அவர் ராணியால் வெட்டுவார். நீங்கள் தோற்ற ஆட்டம் உண்மையில் தொடங்கியது இங்கேதான்.

எண்ணிப் பாருங்கள், சிப்பாய்கள் சமம். கொடுத்த சிப்பாய் திரும்ப வந்துவிட்டது. வெள்ளையிடம் இரண்டு பிஷப்பும் இருக்கின்றன, சி4 சிப்பாயால் கொஞ்சம் இடமும் கூடுதல். உங்களிடம் இ5-இல் ஒரு நல்ல குதிரை, எங்கும் ஓட்டை விழாத சிப்பாய் அமைப்பு. இங்கே டி6 ஆடி, காஸ்லிங் செய்து, பி6 வைத்து, பிஷப்பை பி7-க்குக் கொண்டுபோய், யானையை இ8-இல் நிறுத்துங்கள். வெள்ளை பி4 ஆடிப் பிறகு சி5 தள்ளி பிஷப்களுக்கு வழி திறக்கப் பார்க்கும், பி4 வந்ததும் ஏ5 என்று இடித்துக் கேட்க வேண்டும். அவருடைய ஒரு பிஷப்புக்கு உங்கள் குதிரையை மாற்ற வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள், பிஷப் ஜோடி உடைந்துவிட்டால் வெள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இந்த நிலையை நண்பரோடு வெள்ளையாக ஒருமுறை, கருப்பாக ஒருமுறை என்று மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள். மேட் வரும் ஆட்டங்களைவிட இது வரும் ஆட்டங்கள்தான் போட்டியில் அதிகம்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. கோச் கேம்பிட் எதுவும் வேண்டாம் என்கிறார். அவளுக்கோ புடாபெஸ்ட் ஆடத்தான் ஆசை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (ஒரு தந்தை, திருநெல்வேலி)

கோச் எதற்காக அப்படிச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுப் பாருங்கள் ஐயா. சின்னப் பிள்ளைகள் பொறியை மனப்பாடம் செய்துவிட்டு, அது பலிக்காத ஆட்டத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை எல்லா கோச்சும் பார்த்திருக்கிறார்கள், அவர் பயப்படுவது அதற்காக என்றால் அது நியாயமான பயம்தான். ஆனால் கேம்பிட்டே கூடாது என்பதை நான் ஏற்க மாட்டேன். ஒரு சிப்பாயைக் கொடுத்தால் அதற்கு ஈடாக நேரம் கிடைக்கும், அந்த நேரத்தில் காய்களை வெளியே கொண்டுவர வேண்டும் என்ற பாடத்தை வேறெந்த வழியிலும் இவ்வளவு தெளிவாகப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது. அதிலும் புடாபெஸ்டில் சிப்பாய் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது, ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாய்களைக் கலைக்க வேண்டியதும் இல்லை, ஆகவே இருக்கும் கேம்பிட்களில் இது பத்திரமான ஒன்று.

ஒன்று செய்யுங்கள். சிப்பாய் திரும்ப வந்தபிறகு ஒவ்வொரு காயும் எங்கே போக வேண்டும், ஏன் போக வேண்டும் என்று அவளையே போர்டில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் தாராளமாக ஆடட்டும். அதை கோச்சிடமும் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள், அவரும் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: இதை முதலில் ஆடியது யார்? பெரிய ஆட்டம் எதிலாவது ஜெயித்திருக்கிறதா? (வாசகி, காரைக்குடி)

பதிவில் இருக்கும் பழைய ஆட்டம் 1896-இல் புடாபெஸ்ட் நகரத்தில் நடந்தது, கருப்பில் ஆடியவர் கெசா மரோட்சி. ஆனால் ஒரு முழு ஓப்பனிங்காக அதை வளர்த்தவர்கள் அதே ஊர்க்காரர்களான இஸ்த்வான் அபோன்யி, ஜிக்மோந்த் பராஸ், க்யூலா ப்ரேயர் ஆகிய மூவர். ப்ரேயர் 1916-இல் எஸ்ஸர் என்ற டச்சு வீரருக்கு எதிராக ஆடியபின் ஹங்கேரிக்குள் கவனம் வந்தது.

உலகம் திரும்பிப் பார்த்தது 1918 ஏப்ரலில், பெர்லினில். முதல் உலகப் போர் இன்னும் முடியவில்லை, நான்கே நான்கு பேர் கலந்துகொண்ட ஒரு சிறிய போட்டி: அகிபா ரூபின்ஸ்டைன், கார்ல் ஷ்லெக்டர், ஜாக் மீசஸ், மிலன் விட்மர். ரூபின்ஸ்டைன் அன்று உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவர், டி4-இல் தொடங்கி எதிராளியை மெதுவாக நெருக்குவதில் அவருக்கு ஈடு கிடையாது. விட்மர் தொழிலால் மின்பொறியாளர், ஸ்லோவேனியர், பின்னாளில் லூப்லியானாவில் பேராசிரியர். ரூபின்ஸ்டைனுக்கு எதிராகக் கருப்பில் ஆட வேண்டியிருந்ததால், டி4-க்கு என்ன ஆடுவது என்று நண்பர் அபோன்யியிடம் யோசனை கேட்டார், அவர் இந்த கேம்பிட்டையும் ஹங்கேரிக்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருந்த யோசனைகளையும் காட்டிக்கொடுத்தார்.

ஆட்டத்தைப் பாருங்கள். பிஷப் எஃப்4, குதிரை சி6, குதிரை எஃப்3, பிஷப் பி4 செக். ரூபின்ஸ்டைன் டி2-க்குப் பதில் சி3-இல் குதிரையைக் குறுக்கே வைத்தார், ராணி இ7 வந்ததும் தன் ராணியை டி5-க்குக் கொண்டுவந்து சிப்பாயை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டார். விட்மர் சி3-இல் குதிரையை வெட்டிவிட்டு ராணியை ஏ3-க்கு அனுப்பினார், பிறகு எஃப்6. இதுவரை ரூபின்ஸ்டைனுக்கு ஒரு சிப்பாய் லாபம். ஆனால் அவருடைய ராஜா நடுவிலேயே நிற்கிறார், சி வரிசையில் சிப்பாய்கள் ஒன்றன் முன் ஒன்றாக இரட்டையாகிவிட்டன, ராணி இங்கும் அங்கும் ஓடியதில் நேரம் போய்விட்டது. விட்மர் காஸ்லிங் செய்து முடித்து, குதிரையை இ4-இல் நட்டு, ராணியால் ஏ5-இலிருந்து செக் கொடுக்கிறார். ராஜா இ2-க்கு நகர்ந்த அடுத்த கணம் யானையால் எஃப்4 பிஷப்பை வெட்டிவிடுகிறார், யானையைக் கொடுத்து பிஷப். இ சிப்பாய் அந்த யானையை வெட்டியதும் இ வரிசை திறந்துகொள்கிறது, பிஷப் எஃப்5, அடுத்த யானை இ8. அதற்கப்புறம் வெள்ளை ராஜா எஃப்3, ஜி3, ஹெச்4 என்று கருப்பின் எல்லையை நோக்கி விரட்டப்படுகிறார். மிச்சமிருந்த யானையையும் விட்மர் ஹெச்5-இல் கொடுக்கிறார், ராஜா அதை வெட்டி ஹெச்5-க்கு வர, பிஷப் ஜி6-க்குப் பின்வாங்குகிறது. பிஷப்பும் அதன் பின்னால் ஏ5-இல் இருந்த ராணியும் சேர்ந்து இரட்டைச் செக். இருபத்து நான்காவது நகர்த்தலில் ரூபின்ஸ்டைன் விலகிக்கொண்டார்.

அந்த வெற்றியின் வேகத்தில் போட்டியையே விட்மர் வென்றார். ரூபின்ஸ்டைன் அதே போட்டியில் அதே ஓப்பனிங்குக்கு எதிராக மீசஸிடமும் தோற்றார், ஷ்லெக்டரோடு டிரா. ஒரு சிப்பாயைப் பிடித்து வைத்துக்கொள்ள எத்தனை நேரம் செலவாகிறது என்பதை இந்த ஒரு ஆட்டம் காட்டுகிற மாதிரி வேறொன்று காட்டாது, கருப்பில் ஆட நினைக்கும் யாரும் இதை ஒருமுறையாவது போர்டில் வைத்து ஆடிப் பார்க்க வேண்டும் என்பேன்.

கேள்வி: அதே குதிரை சி3 வரிசையை என் எதிராளிகளும் ஆடுகிறார்கள். சிப்பாய் திரும்பக் கிடைப்பதே இல்லை. என்ன செய்வது? (வாசகர், சேலம்)

திரும்பக் கிடைக்காது, இந்த ஒரு வரிசையில் புடாபெஸ்ட் உண்மையான கேம்பிட் ஆகிவிடுகிறது. சி3-இல் வெட்டிவிட்டு ராணி இ7, வெள்ளை ராணி டி5. இ5-ஐ நீங்கள் மூன்று காயால் தாக்குகிறீர்கள், அவர் மூன்று காயால் காக்கிறார். அதனால் எஃப்6 ஆடுங்கள். அவர் வெட்டுவார், நீங்கள் குதிரையால் வெட்டும்போதே டி5 ராணிமேல் தாக்குதல் விழுகிறது, ராணி நகர்ந்தாக வேண்டும். பிறகு டி6, காஸ்லிங், எஃப் வரிசை யானைக்குத் திறந்தே கிடக்கிறது. சி3, சி4 சிப்பாய்கள் இரண்டும் பலவீனம், அவற்றைப் பக்கத்துச் சிப்பாய் வந்து காக்க முடியாது. குதிரையை ஏ5-க்கு அனுப்பி, பி6 ஆடி, பிஷப்பை ஏ6-க்குக் கொண்டுபோய் சி4-ஐக் குறிவையுங்கள், இன்னொரு குதிரை இ4-க்குப் போகட்டும். ராணிகளை மாற்றிக்கொள்ள மட்டும் அவசரப்படாதீர்கள், ராணி போய்விட்டால் உங்கள் தாக்குதலில் பாதி போய்விடும், அந்தக் கூடுதல் சிப்பாய் அப்போதுதான் பேச ஆரம்பிக்கும்.

கேள்வி: இன்ஜினில் (சதுரங்கம் கணக்கிடும் கணினி நிரலில்) போட்டால் வெள்ளைக்குத் தெளிவான சாதகம் காட்டுகிறது. பெரிய வீரர்களும் ஆடுவதில்லை. அப்புறம் ஏன் சார் இதைப் படிக்க வேண்டும்? (கல்லூரி மாணவர், கோவை)

பெரிய வீரர்கள் ஆடுவதே இல்லை என்பது சரியல்ல, அரிதாக ஆடுகிறார்கள். 1992-இல் லினாரெஸில் நடந்த உலகச் சாம்பியன் தகுதிச்சுற்று அரையிறுதியில், அனத்தோலி கார்ப்போவுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே நைஜல் ஷார்ட் இதைத்தான் ஆடினார். பிஷப் எஃப்4 வரிசையில் கார்ப்போவ் அந்த ஆட்டத்தை வென்றார், ஆனால் மேட்ச்சை வென்றது ஷார்ட். அஜர்பைஜானின் மமெத்யாரோவ் வேக ஆட்டங்களில் பலமான எதிராளிகளுக்கு எதிராகவே இதை ஆடியிருக்கிறார்.

இன்ஜின் காட்டும் சாதகம் உண்மையானது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது எந்த மாதிரிச் சாதகம் என்று பாருங்கள். மேலே முதல் பதிலில் சொன்ன நிலைதான்: இரண்டு பிஷப், கொஞ்சம் இடம். அதை வெற்றியாக மாற்ற கார்ப்போவின் கை வேண்டும், நாற்பது நகர்த்தல் பொறுமை வேண்டும். நம் ஊர் ஓபன் போட்டிகளில் எதிரே உட்காருபவருக்கு அந்தக் கை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. டி4 ஆடுகிறவர்களில் பலர் நிதானமான, மூடிய ஆட்டத்தை விரும்பி வருகிறவர்கள், இரண்டாவது நகர்த்தலிலேயே அவர்களை உட்கார்ந்து கணக்குப் போட வைக்கிறீர்கள். அதற்கு இந்தச் சின்னச் சாதகத்தை விலையாகக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. உங்கள் ரேட்டிங் ஏறி, எதிராளிகள் வீட்டில் தயாரித்துக்கொண்டு வரும் நிலை வந்தால் அப்போது இதை எப்போதாவது எடுக்கும் ஆயுதமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: யானையை ஏ6 வழியாக ஹெச்6-க்குக் கொண்டுபோய்த் தாக்கலாம் என்கிறார்களே, அது எப்படி? (வாசகர், மதுரை)

இந்த ஓப்பனிங்கில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. வெள்ளை நான்காவதாக பிஷப்புக்குப் பதில் குதிரையை எஃப்3-இல் வைத்தால், நீங்கள் பிஷப்பை சி5-இல் வைத்து எஃப்2-ஐ மிரட்டுங்கள். அவர் இ3 ஆடியாக வேண்டும், அதனால் அவருடைய சி1 பிஷப் உள்ளே அடைபடுகிறது. குதிரை சி6, இருவரும் காஸ்லிங், யானை இ8, இ5 சிப்பாயைக் குதிரையால் எடுத்துவிடுங்கள். வெள்ளை பி3 ஆடி பிஷப்பை பி2-க்குக் கொண்டுவரும்போது நீங்கள் ஏ5. இந்த ஏ5 இரண்டு வேலை பார்க்கிறது, சி5 பிஷப் பின்வாங்க ஏ7 கட்டத்தைத் திறந்து வைக்கிறது, மூலையில் சும்மா இருந்த யானைக்கும் வழிவிடுகிறது. எஃப்3-இல் குதிரைகளை மாற்றிவிட்டு அடுத்த குதிரையை இ5-க்குக் கொண்டுவந்தால் அவருடைய ராஜா பக்கத்தில் காவல் குதிரை கிடையாது. அப்போது யானை ஏ6, அங்கிருந்து ஆறாம் வரிசையிலேயே ஜி6 அல்லது ஹெச்6, ராணி ஹெச்4. வேறு சிப்பாய் எதையும் நகர்த்தாமல் திடீரென்று நான்கு காய்கள் அவர் ராஜாவைச் சுற்றி நிற்கும்.

கண்ணை மூடிக்கொண்டு ஆடக் கூடாது. யானை ஏ6-க்கு வந்ததும் வெள்ளை ராணி டி5-க்கு வந்து சி5 பிஷப்பையும் இ5 குதிரையையும் ஒரே நேரத்தில் கேட்கும், பிறகு குதிரை இ4, சி5 என்று உங்கள் பிஷப்பின் கண்ணைக் கட்டிவிடும், எஃப்4 தள்ளி இ5 குதிரையையும் விரட்டும். தாக்கும் காய்கள் ஒரு பக்கம், துண்டிக்கப்பட்ட பிஷப் இன்னொரு பக்கம் என்று ஆகிவிடும். வெள்ளை ராணி டி5-க்கு வர வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் முதலில் டி6 ஆடி நிலையைச் சரிசெய்துகொண்டு அப்புறம் யானையைத் தூக்குங்கள்.

கேள்வி: எதிராளி இரண்டாவது நகர்த்தலில் சி4 ஆடாமல் குதிரை எஃப்3 ஆடினால்? லண்டன் சிஸ்டம் ஆடினால்? (வாசகர், வேலூர்)

அப்போது இ5 ஆடவே கூடாது. குதிரை எஃப்3-இல் இருந்தால் அது சும்மா ஒரு சிப்பாயை இழப்பது, திரும்ப வராது. லண்டன் சிஸ்டத்தில் வரும் பிஷப் எஃப்4-க்கும் அதே பதில்தான். புடாபெஸ்ட் ஆடுகிறவர் எல்லோருக்கும் இரண்டாவதாக ஒரு ஓப்பனிங் கட்டாயம் வேண்டும். டி5 ஆடி நேராக நிற்பது எளிது, ஜி6 ஆடி பிஷப்பை ஜி7-இல் வைப்பதும் நல்லது.

கேள்வி: நான்காவது நகர்த்தலில் வெள்ளை இ4 ஆடினால் குதிரை மாட்டிக்கொள்கிறதே? (வாசகி, பாண்டிச்சேரி)

மாட்டாது, டி1 ராணி ஜி4 குதிரையைத் தாக்குகிறது, அவ்வளவுதான். உடனே குதிரையால் இ5-ஐ வெட்டுங்கள், சிப்பாய் சமம். அவர் எஃப்4 என்று விரட்டுவார், ஜி6-க்குப் போகலாம். அலெகைன் 1925-இல் இந்த வரிசையில் சில அழகான ஆட்டங்களை வென்றிருக்கிறார், ஆகவே லேசாக நினைக்க வேண்டாம். ஆனால் சி4, இ4, எஃப்4 என்று மூன்று சிப்பாய் முன்னால் போய்விட்டதால் பின்னால் நிறைய கட்டங்கள் காவலில்லாமல் கிடக்கும். அடுத்து அவர் குதிரையை எஃப்3-இல் வைத்தால் உங்கள் பிஷப் சி5, அவர் காஸ்லிங் செய்யவே சிரமப்படுவார். அதைத் தடுக்க பிஷப்பை இ3-இல் வைத்தால் நீங்கள் பி4-இல் செக்.

கேள்வி: குதிரையை ஜி4-க்குப் பதில் இ4-இல் வைக்கும் வகையும் உண்டாமே? (பிளிட்ஸ் பிரியர், சென்னை)

உண்டு, ஜெர்மன் வீரர் ஃபயரோவிச் பெயரில். பிளிட்ஸுக்கு நல்லது. வெள்ளை குதிரை எஃப்3 ஆட, நீங்கள் டி6, அவர் வெட்ட, நீங்கள் பிஷப்பால் வெட்ட, அவர் யோசிக்காமல் ஜி3 ஆடினால் குதிரையால் எஃப்2-ஐ வெட்டுங்கள், ராஜா வெட்டியதும் பிஷப் ஜி3-இல் செக், டி வரிசை திறந்து அவர் ராணி உங்களுடையது. ஆனால் இங்கே சிப்பாய் அவ்வளவு எளிதில் திரும்பாது. வெள்ளை நான்காவதாக ஏ3 என்று அமைதியாக ஆடி பி4 செக்கைத் தடுத்துவிட்டால் கருப்புக்குக் கொடுத்த சிப்பாய்க்கு ஈடு காட்டுவது சிரமம். மூன்று நிமிட ஆட்டத்தில் ஆடுங்கள், நீண்ட நேரப் போட்டிக்கு ஜி4 குதிரைதான் என் பரிந்துரை.